பட்டியலில் பன்றி இல்லை

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எங்கள் விமானப்படைக்கு ஓடுதளமே புல்தான். 1991 இலையுதிர்காலத்தில், குரோவேஷியாவின் கிழக்கு மூலையில், சோளக்காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த அந்தப் புல்வெளியில் மூன்று விமானங்கள் இருந்தன. மூன்றும் பயிருக்கு மருந்தடிக்க வாங்கியவை. இரண்டடுக்கு இறக்கை, ஒற்றை எஞ்சின், மஞ்சள் வண்ணம். ஒன்று செப்டம்பரில் குண்டு விழுந்து எரிந்துபோனது. இன்னொன்றைக் கழற்றிக் கழற்றி மூன்றாவதற்கு மாட்டியதில், அது கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக வெறும் கூடாக நின்றது. பறக்கக்கூடியது ஒன்றே ஒன்று. அதைத்தான் செய்தித்தாள்கள் ‘கிழக்குப் பகுதி விமானப்படை’ என்று எழுதின. பாரிட்சா அதைப் படித்துவிட்டு, அந்தத் தாளாலேயே கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டாள்.

பாரிட்சாதான் அந்த விமானங்களுக்கு மெக்கானிக். வயது நாற்பத்தெட்டு. கூட்டுறவுப் பண்ணையில் இருபது வருட வேலை, அதற்கு முன் ஆறு வருடம் ஜெர்மனியில் ஒரு பம்பு ஆலையில். ஊரே அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். புருஷன் இவ்ஷா மட்டும் பாரா என்பான். கோபம் வந்தால் அவனும் மேஸ்திரி என்பான்.

அவர்களுடைய ஒரே மகள் லியெர்கா, முப்பது கிலோமீட்டர் தள்ளி, நாங்கள் பிரிந்துவந்த பழைய நாட்டின் ராணுவம் முற்றுகையிட்டிருந்த நகரத்தின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்து வாரமாக அந்த ஊருக்கு ரோடு கிடையாது. மருந்து போகவேண்டுமானால் வானத்து வழிதான். வாரத்துக்கு இரண்டு முறை மஞ்சள் விமானம் மூட்டைகளோடு போய், மரத்தின் தலையை உரசுகிற மாதிரி தாழப் பறந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் தள்ளிவிட்டு வரும். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வயர்லெஸ் எங்கள் விமான ஷெட்டில் இருக்கும் வயர்லெஸோடு மூன்று நிமிடம் பேசும். பேட்டரி அவ்வளவுதான் தாங்கும். அந்த மூன்று நிமிடமும் பேசுவது பெரும்பாலும் லியெர்காதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் சொன்னாள்: “மயக்க மருந்து வியாழக்கிழமையோட தீருதும்மா. அதுக்கப்புறம் வர்றவங்களுக்கு மயக்கம் குடுக்காமத்தான் அறுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. நான்தான் அவங்க கையைப் பிடிச்சுக்கணும்.”

“அதுக்குள்ள வந்துடும்” என்றாள் பாரிட்சா.

சொல்லும்போது அவள் மடியில் விமானத்தின் பெட்ரோல் பம்பு கிடந்தது. அன்று காலையில்தான் செத்திருந்தது.

அந்தப் பம்புக்குள் உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு சவ்வு உண்டு. ரப்பரும் துணியும் சேர்த்துச் செய்தது. எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை ஒரே அழுத்தத்தில் வைத்திருப்பது அதுதான். அது கிழிந்தால் எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிடும். இப்போது கிழிந்திருந்தது, இரண்டாவது விமானத்திலிருந்து கழற்றி மாட்டிய சவ்வு. அதற்குமேல் கழற்ற எதுவும் இல்லை. ஜெர்மனியில் கூட வேலை செய்த ஒருத்தி ஆறு புதுச் சவ்வுகளைப் பார்சலில் அனுப்பியிருந்தாள். பார்சல் வரவில்லை. பார்சலைப் பற்றிய காகிதம்தான் வந்தது.

காகிதத்தைக் கொண்டுவந்தவர் ரைண்டர் என்ற டச்சுக்காரர். ஐரோப்பாவிலிருந்து சண்டையைக் கண்காணிக்க வந்தவர்களில் ஒருவர். அவர்கள் எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தியிருப்பார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் அவர்களுக்கு ஐஸ்கிரீம்காரர்கள் என்று பெயர். ரைண்டர் நல்ல உயரம், காது மட்டும் சிவப்பு, ரொம்ப மரியாதைக்காரர். பாரிட்சாவும் அவரும் பேசிக்கொண்டது ஜெர்மன் மொழியில்.

“உங்க பேருக்கு வந்த பார்சலை எல்லையில நிறுத்தி வச்சிருக்காங்க, மேடம். விமான உதிரிபாகம். சண்டைக்கு ஆயுதம் போகக்கூடாதுன்னு போட்ட தடைப் பட்டியல்ல இருக்கு.”

“எங்க வீட்டு பிஸ்கட் அதைவிடப் பெரிசு.”

“பட்டியல்ல அளவு போடலை.”

“இதே ரப்பர் டிராக்டருக்குன்னு வந்தா விடுவீங்களா?”

“விடுவோம்.”

“ஏன்?”

“டிராக்டர் பறக்காதே, மேடம்.”

பாரிட்சா பம்பை மேசைமேல் வைத்தாள். “ஆத்துக்கு அக்கரையில இருக்கிற ராணுவத்தோட விமானத்துக்கும் இதே தடைதானா?”

“எல்லாருக்கும் ஒரே தடை. அதுல பாரபட்சமே கிடையாது.”

கிடையாதுதான். அதுதான் எங்கள் வயிற்றெரிச்சல். ஒரு பக்கத்திடம் பழைய நாட்டில் நாற்பது வருடமாக எல்லாருமாகச் சேர்த்த ராணுவக் கிடங்கு. இன்னொரு பக்கத்திடம் வண்டுக்கு மருந்தடிக்கிற விமானம். விருந்து சாப்பிட்டு ஏப்பம் விடுகிறவனுக்கும் பட்டினி கிடக்கிறவனுக்கும் ஒரே நாளில் விரதம் என்று அறிவித்துவிட்டு, பாரபட்சம் இல்லை என்று சொன்னால், கேட்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

“இதுல போறது மயக்க மருந்து” என்றாள் பாரிட்சா. “என் பொண்ணு அங்க இருக்கா.”

ரைண்டர் காகிதத்தை மடித்தார். “நாளைக்கும் மருந்துதான் போகும்னு நான் எப்படி எழுதிக் கொடுக்கிறது?”

ஷெட்டுக்குப் பின்னால் யாரோ இரண்டு பழைய வெந்நீர்க் கொதிகலன்களுக்கு, வெடிமருந்து அடைக்கத் தோதாக, மூடி வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். அது குளிப்பதற்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பொய் சொல்ல அவளுக்குப் பிடிக்காது. அதனால் மறுக்கவில்லை. ஆனால் தலையைக் குனியவில்லை.

“வியாழக்கிழமை வருவேன்” என்றார் அவர். “ஷெட்டு முழுக்கப் பார்க்கணும். வெளிநாட்டுச் சாமான் ஏதாவது வந்திருக்கான்னு.”

“வாங்க” என்றாள். “வாசல் திறந்துதான் இருக்கும். பூட்டுக்கும் தடைதானே.”

அவர் போன பிறகு விமானி மாத்தா உள்ளே வந்தான். பதினைந்து வருடமாகச் சோளத்துக்கும் கோதுமைக்கும் மேலே பறந்தவன். ராணுவ விமானத்தைக் கண்காட்சியில் பார்த்ததோடு சரி.

“என்ன மேஸ்திரி, ஐஸ் வாங்கினீங்களா?”

“வாயை மூடிட்டு அந்த டிராக்டர் டியூபை எடு.”

டியூபிலிருந்து வட்டமாக ஒன்றை வெட்டி, பெட்ரோல் ஊற்றிய ஜாடியில் போட்டு வைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அது புளித்த மாவு போல உப்பி நெளிந்துபோனது. பிறகு மாத்தாவின் பூட்ஸ் நாக்கு. தோல் உப்பவில்லை. ஆனால் அழுத்தம் கொடுத்ததும் வேர்த்த நெற்றி மாதிரி பெட்ரோல் கசிந்தது. பிளாஸ்டிக் தாள் மடிப்பில் விரிசல் விட்டது. சாயங்காலத்துக்குள் மேசைமேல் ஏழு வட்டங்கள் கிடந்தன. ஏழும் உதவாக்கரை.

“நாக்கில்லாத பூட்ஸோட நான் எப்படிப் பறக்கிறது?” என்றான் மாத்தா.

“முதல்ல விமானம் பறக்கட்டும்.”

புதன்கிழமை அவளால் ஷெட்டுக்குப் போக முடியவில்லை. வீட்டில் பன்றி அறுக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் நவம்பர் கடைசிக்கு முன்னால் யாரும் பன்றியைத் தொடமாட்டார்கள். பனி விழாமல் அறுத்தால் இறைச்சி கெட்டுவிடும். ஆனால் திங்கட்கிழமை குண்டுச் சிதறல் ஒன்று இவ்ஷாவின் பெரிய பன்றியின் தொடையைக் கிழித்துவிட்டது. அறுக்காவிட்டால் தானே சாகும். அறுப்பதென்றால் அதற்கென்று ஒரு முறை உண்டு. விடியும்போது பிளம் சாராயம் ஒரு கிளாஸ், பிறகு கத்தி, பிறகு பெரிய அண்டாவில் வெந்நீர். குண்டுச் சத்தம் கேட்கிறதே என்று எந்த முறையையும் இவ்ஷா விடவில்லை.

இவ்ஷா சாதாரண ஆள் இல்லை. கூலென் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவன். கூலென் என்பது மிளகாய்த்தூளும் பூண்டும் போட்டுப் பிசைந்த இறைச்சியைப் பன்றியின் குருட்டுக்குடலில், அதாவது ஒரு பக்கம் அடைத்த குடல் பையில் திணித்து, எட்டு மாதம் புகையிலும் காற்றிலும் தொங்கவிடுவது. குருட்டுக்குடல் ஒரு பன்றிக்கு ஒன்றுதான் இருக்கும். மற்றக் குடலில் அடைத்ததை இவ்ஷா கூலென் என்றே ஒத்துக்கொள்ளமாட்டான்.

குடலைக் கழுவுவது பாரிட்சாவின் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகர் ஊற்றி மூன்று முறை அலசினாள். பிறகு எல்லாப் பெண்களும் செய்வதுபோல ஒரு நாணல் குழாயைச் செருகி ஊதி, வாயை முறுக்கிப் பிடித்து, காதருகே வைத்துக் கேட்டாள். ஓட்டை இருந்தால் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும் எட்டு மாதத்தில் கூலென் அழுகிவிடும். அதனால் இதில் யாரும் அவசரப்படமாட்டார்கள்.

சத்தம் வரவில்லை. குடல் பந்து மாதிரி விறைத்து நின்றது. கட்டைவிரலால் அழுத்தினாள், அமுங்கியது. விட்டாள், எழும்பியது. மறுபடியும் அழுத்தினாள், விட்டாள். இருபத்தாறு வருடம் பம்புகளோடு குடும்பம் நடத்திய கை அது. அந்தக் கைக்கு விஷயம் புரிந்த பிறகுதான் தலைக்குப் புரிந்தது.

“இவ்ஷா, இது எனக்கு வேணும்.”

“எது?”

“குருட்டுக்குடல்.”

“உனக்கெதுக்கு?”

“விமானத்துக்கு.”

இவ்ஷா கத்தியைக் கீழே வைத்தான். “பாரா, எத்தனை கிளாஸ் குடிச்சே?”

“நீ ஊத்தின ஒண்ணுதான். கேளு. பெட்ரோல்ல ரப்பர் உப்புது, தோல் கசியுது. இது ரெண்டும் செய்யாது. காத்தையே விடாதது பெட்ரோலையா விடப்போகுது?”

“ஒரு பன்னிக்கு ஒண்ணுதான் இருக்குன்னு தெரியும்ல? இது லியெர்கா கல்யாணக் கூலென். ஜூலையில மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து உட்காருவான். மூணு வருஷம் பரிசு வாங்கினவன் அவன் முன்னாடி கடைச் சாஸேஜை வெட்டி வைக்கவா?”

“கூலென் இல்லாமக் கல்யாணம் பண்ணலாம். பொண்ணு இல்லாமப் பண்ண முடியுமா?”

இவ்ஷா அண்டாவைப் பார்த்தான். அண்டாவில் பார்க்க எதுவும் இல்லை. கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் வந்து, குடலை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான்.

“உனக்கு அறுக்க வராது, மேஸ்திரி. கோணலாக்கிடுவே. எந்த இடம் கனமா இருக்கு, எந்த இடம் மெலிசா இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். எவ்வளவு பெரிசு வேணும்னு மட்டும் காட்டு.”

அவள் கிழிந்த சவ்வை நீட்டினாள். அவன் அதைக் குடல்மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு வட்டம் வெட்டினான். ஈரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் அவை தாமாகவே ஒட்டிக்கொள்ளும். பாரிட்சா அந்த நாலடுக்கை ஒரு ஜாடியின் வாயில் இழுத்துக் கட்டி, கிளிசரின் தடவி, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளிக் காயவைத்தாள். நாலு மணி நேரம் கழித்துப் பெட்ரோலில் போட்டாள். வியாழக்கிழமை விடிந்து பார்த்தபோது அது போட்டபடியே இருந்தது. உப்பவில்லை, கசியவில்லை, சுருங்கவில்லை.

வியாழக்கிழமை நல்ல மூடுபனி. எங்களுக்கு இலையுதிர்காலத்தில் கடவுள் கொடுக்கிற ஒரே ராணுவ உதவி அதுதான். பத்தடி தள்ளி நிற்கும் மாடு தெரியாது. மாத்தா விமானத்தில் ஆறு மூட்டைகளை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். பாரிட்சா மேசைமேல் பம்பைப் பிரித்து, சவ்வை உட்காரவைத்து, முதல் திருகை முடுக்கும்போது வாசலில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. ரைண்டர்.

ஒளித்து வைக்கலாம் என்று ஒரு கணம் கை போனது. பிறகு அவள் கையைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். என் பன்றி, என் மேசை, என்ன ஒளிப்பு?

பன்றி அறுத்த மறுநாள் வருகிறவனைச் சாப்பிடவைக்காமல் அனுப்பக்கூடாது. அது எதிரியானாலும் சரி, வரி வாங்குகிறவனானாலும் சரி. இவ்ஷா ஒரு தட்டு நிறையக் கொழுப்பு வறுவலும் ரொட்டியும் கொண்டுவந்து பம்புக்குப் பக்கத்திலேயே வைத்தான். ரைண்டர் நன்றி சொல்லி ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றுகொண்டே பம்பைப் பார்த்தார். மெல்லுவது நின்றது.

“இது என்ன, மேடம்?”

“பாருங்க. பார்க்கத்தானே வந்தீங்க.”

அவர் குனிந்து, விரலை வைக்காமல் உற்றுப் பார்த்தார். காது இன்னும் சிவந்தது. “எங்கப்பாவும் பன்னிதான் வளர்த்தார்” என்றார். “இது… குருட்டுக்குடலா?”

“எந்த நாட்டுச் சரக்குன்னு எழுதிக்கோங்க. இந்த ஊரு. இந்த வீட்டுக் கொட்டில். சோளம் தின்னு வளர்ந்தது. இப்ப உங்க பட்டியலை எடுங்க.”

“மேடம்…”

“எடுங்க. விமான உதிரிபாகம் எல்லாம் இருக்குன்னீங்கல்ல. பன்னி இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. இருந்தா இப்பவே கழட்டி உங்க கையில குடுத்துடறேன்.”

ரைண்டர் உண்மையிலேயே பையிலிருந்து பட்டியலை எடுத்தார். பதினோரு பக்கம். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மாத்தா விமானத்திலிருந்து இறங்கிவந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று, தெரியாத மொழியைத் தானும் படிப்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கடைசிப் பக்கம் முடிந்தது.

“இல்லை” என்றார் ரைண்டர்.

“அப்ப அதையும் எழுதுங்க. ‘வெளிநாட்டு உதிரிபாகம் எதுவும் இல்லை. ஒரு பன்றிக்குடல் மட்டும் இருந்தது’ன்னு. உங்க மேலதிகாரி படிக்கட்டும்.”

அவர் எழுதினார். எழுதி, கையெழுத்தும் போட்டார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்: “உப்புப் போட்டுக் கழுவலையே? உப்பு ஒட்டியிருந்தா பம்போட உலோகத்தை அரிச்சிடும்.”

“வினிகர்தான். எங்களுக்கும் தெரியும்.” பாரிட்சா அடுத்த திருகை முடுக்கினாள். “நீங்க நல்ல மனுஷன்தான், ஐயா. அது எனக்குத் தெரியுது. ஆனா எனக்கு உங்க நல்ல மனசு வேணாம். எல்லையில கிடக்கிற என் பார்சல் வேணும்.”

இவ்ஷா முறைப்படி மீதி வறுவலைத் துணியில் கட்டி அவர் கையில் கொடுத்தான். வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை பட்டதை அவர் கவனிக்கவில்லை.

பம்பு மாட்டியாகிவிட்டது. எஞ்சின் நாலு தடவை இருமி, ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. மாத்தா ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

“தாங்குமா மேஸ்திரி? உண்மையைச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு குழந்தைங்க.”

தாங்கும் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. அதுவரை உலகத்தில் யாரும் இந்த விமானத்தில் இப்படி ஒன்றை மாட்டிப் பறந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

“நீ எங்க போறே?” என்று கத்தினான் இவ்ஷா.

“உள்ள கைப்பம்பு இருக்கு. சவ்வு போச்சுன்னா நான் கையால அடிச்சுப் பெட்ரோல் அனுப்புவேன். நான் செஞ்ச சாமானை நம்பி அவன் மட்டும் போகணுமா?”

இவ்ஷா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு விட்டான்.

முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. கீழே பனி, மேலே பனி, நடுவில் மஞ்சள் இறக்கை. அறுக்காமல் விட்ட சோளக்காட்டின் மேல் போகும்போது எஞ்சின் ஒரு விக்கல் விக்கியது. அழுத்தம் காட்டும் முள் சரிந்தது. பாரிட்சா கைப்பம்பின் பிடியை இரண்டு கையாலும் பற்றி அடித்தாள். பத்து அடி, இருபது அடி. முள் எழுந்தது. அவள் கையை எடுத்தாள். முள் நின்ற இடத்திலேயே நின்றது. புதுச் சவ்வு தன் இடத்தில் படிந்து உட்கார எடுத்துக்கொண்ட நேரம் அது. கல்யாணப் பெண் நாற்காலியில் உட்காருவது போல, ஒருமுறை அசைந்துவிட்டு உட்கார்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் பாதி இடிந்த கூரை பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. முற்றுகை போட்டவர்கள் கீழிருந்து சுட்டார்கள். துணி இறக்கையில் இரண்டு ஓட்டை. துணிதானே, தைத்துக்கொள்ளலாம். மாத்தா விமானத்தைச் சாய்த்துக் கத்த, பாரிட்சா காலால் உதைத்து ஆறு மூட்டைகளையும் தள்ளினாள். தோட்டத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ ஓடுவது தெரிந்தது. மகளா என்று பார்ப்பதற்குள் பனி மூடிவிட்டது. அவளாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு இறங்கியதும் அவள் செய்த முதல் வேலை பம்பைப் பிரித்தது. சவ்வை வெளிச்சத்தில் பிடித்தாள். மேல் மூன்று அடுக்கும் தேய்ந்து, நடுவில் வெங்காயத்தோல் மாதிரி ஆகியிருந்தது. இன்னொரு பயணம் தாங்காது. ஒரு குடல், நாலு வட்டம், ஒரு சவ்வு, ஒரே பயணம். கொட்டிலில் இன்னும் ஒரு பன்றிதான் பாக்கி. அதற்கப்புறம்?

பன்னிரண்டு மணிக்கு வயர்லெஸ் இரைந்தது.

“அம்மா, ஆறும் வந்திடுச்சு. ஒண்ணு மட்டும் உடைஞ்சுது, பரவாயில்லை. டாக்டர் அழுதுட்டாரு. ஒரு மூட்டையில கொழுப்பு வறுவல் இருந்துது, அப்பாதானே?”

“வேற யாரு.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓட்டிடுவோம்.” இரைச்சலில் குரல் போய் வந்தது. “அதுக்கப்புறம் வருமாம்மா?”

பாரிட்சா கையிலிருந்த சவ்வைப் பார்த்தாள். “வரும்.”

“நிஜமா?”

“வரும்னா வரும்.”

மூன்று நிமிடம் முடிந்தது. அவள் தேய்ந்த சவ்வை மேசைமேல் வைத்தாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி அதைக் காப்பாற்ற வழி தேடவேண்டும். யாரிடம் போய் நின்று, உன் வருஷச் சாப்பாட்டை ஒரு மாதம் முன்னாலேயே அறு, அதன் கூலென் பையை எனக்குக் கொடு என்று கேட்பது? எங்கள் ஊரில் கல்யாண மோதிரத்தைக்கூடக் கேட்டுவிடலாம், குருட்டுக்குடலைக் கேட்க முடியாது.

பொழுது சாயும்போது வெளியே சைக்கிள் மணி கேட்டது. இவ்ஷா. சவரம் செய்யாத முகம், முழங்கால் வரை சேறு. சைக்கிளின் பின்னால் மரப்பெட்டியில் மூடிபோட்ட கண்ணாடி ஜாடிகள் குலுங்கின. ஒவ்வொன்றிலும் வினிகர் தண்ணீரில் வெளுப்பாக ஏதோ மிதந்தது.

“உப்புப் போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்” என்றான். “இது அஞ்சு. பக்கத்துத் தெருக்காரங்க நாளைக்கு அறுக்கறாங்க. போன வருஷம் என்கிட்டத் தோத்தவன்கூடக் குடுத்துட்டான். குடுக்கும்போதே திட்டினான், ஆனா குடுத்துட்டான்.”

பாரிட்சா ஒரு ஜாடியை எடுத்தாள். அவள் அழுகிறாளா என்று அவன் பார்க்கவில்லை. பார்த்தால் தானும் அழவேண்டிவரும் என்று அவனுக்குத் தெரியும்.

“வீடு வீடாப் போய் எண்ணிட்டேன் பாரா” என்றான் இவ்ஷா. “ஊருல இன்னும் நாப்பத்தோரு பன்னி இருக்கு. அந்த ஐஸ்காரர் வந்தாச் சொல்லு.”